கை நனைக்காமல் மூன்று நாள்

தூத்துக்குடிக்கு நான் போனது சைக்கிள் ஓட்ட. உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய்யும் இல்லை. கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன், வயது ஐம்பத்து நான்கு, விடிந்தால் நொய்யல் கரையில் கிராவல் பைக் மிதிக்கிற பழக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரிக் கைப்பிடி வளைந்திருக்கும், டயர் மட்டும் அகலம். தார் ரோடு, சரளை, ஆற்றங்கரை, காட்டுத்தடம் எல்லாவற்றிலும் போகும். விலையைச் சொன்னால் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும்.

உண்மையான காரியம் வேறு. என் மகள் கார்த்திகா ஒரு பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். பெயர் ஜெபின், நாசரேத் பக்கம். அவளோடு கோவையில் படித்தவன், இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் இருக்கிறான். வேறு சாதி, வேறு மதம், பேசுகிற தமிழ்கூட வேறு. நான் முடியாது என்றேன். அதோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சென்னையில் வேலை பார்க்கிறவள், ஆறு மாதமாகத் தினமும் மதியம் ஒரு மணிக்குப் போனில் ஒரே ஒரு வரி அனுப்புகிறாள்: "சாப்பிட்டீங்களா அப்பா?" நான் "சாப்பிட்டேன்" என்று போடுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு மணிக்காகக் காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அதிசயமாக இரண்டாவது வரி வந்தது. "ஜெபின் அப்பாவும் கிராவல் பைக் ஓட்டறாருங்களாம். நீங்க ஜெபினைப் பாக்க வேண்டாம். அவரோட மூணு நாள் ஓட்டிட்டு வாங்க. அப்பவும் வேண்டாம்னு தோணுச்சுன்னா இனி நான் கேக்கவே மாட்டேன்." கேட்க மாட்டாள் என்றால் கேட்க மாட்டாள். என் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

என் மனைவி சுமதிக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை போட்டு அனுப்பினாள். "எங்க வேணும்னாலும் போங்க, என்ன வேணும்னாலும் ஓட்டுங்க. அவங்க வீட்டுச் சோத்துல மட்டும் கை நனைச்சுப்போடாதீங்க. நீங்க சோத்தக் கண்டா இளகிருவீங்க. அப்படிச் சொல்ற சம்மதம் பத்து நாள்ல மாறிரும். மனசாரச் சொல்லோணும்."

சம்பந்தம் பேசுகிற வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதித்தாயிற்று என்று அர்த்தம். எங்கள் பக்கமும் அப்படித்தான், அவர்கள் பக்கமும் அப்படித்தான். சாப்பிட்ட பிறகு மாட்டேன் என்றால் அதைவிடக் கேவலம் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லூரிக் காலத்தில் ஜெபின் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். தட்டைத் தானே கழுவி வைப்பான். அப்போது அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

முதல் நாள்.

சைக்கிள் பஸ்ஸின் அடிவயிற்றில் பயணம் செய்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் வெங்காய மூட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறார். தூத்துக்குடியில் இறக்கிப் பார்த்தால், பின் கியரைத் தாங்குகிற கொக்கி உள்பக்கமாக வளைந்து கிடந்தது. விடிகிற நேரத்திலேயே சட்டை முதுகில் ஒட்டியது. கோவையில் மாசி மாதம் என்றால் காலையில் ஒரு சால்வை தேடும். இங்கே காற்றே உப்பாக வந்து உதட்டில் படிந்தது. எங்கள் ஊருக்கும் இதற்கும் இடையில் கடவுச்சீட்டு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திரேஸ்புரத்தில் படகுகள் வந்து சேரும் இடத்தில் காத்திருக்கச் சொல்லியிருந்தார் அருள்ராஜ் மாஸ்டர், ஜெபினின் அப்பா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இந்த மூன்று நாளுக்காகவே லீவு போட்டிருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. சைக்கிளுக்கு மணி வைக்கவில்லை, திருப்பம் வந்தால் விசில் அடிக்கிறார். மீன் கூடையோடு குறுக்கே போன பெண்கள் அனிச்சையாக ஒதுங்கினார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களாக இருக்க வேண்டும்.

"வாங்க அண்ணாச்சி. பஸ்ல ஒறங்குனியளா?" என்றவர் என் சைக்கிளைப் பார்த்ததும் குனிந்துவிட்டார். "கொக்கி வளைஞ்சிட்டுல்லா. இங்கன சரிபண்ண ஆளு இருக்கு, ஆனா கடை தொறக்க பத்து மணி ஆவும்."

"ஆளு எதுக்குங்க? ஸ்பேனர் இருந்தாக் குடுங்க, நானே நிமித்திருவேன்" என்றேன். பட்டறைக்காரனுக்கு அது ஒரு கவுரவம். அவர் சக்கரத்தைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு அசையாமல் பிடித்தார். நான் மெதுவாக நெம்பினேன். பிடிக்கிறவன் சரியில்லை என்றால் கொக்கி முறிந்துவிடும். அவர் மூச்சைக்கூட நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். நிமிர்ந்ததும் இருவரும் சேர்ந்து ஒரு 'அப்பாடா' சொன்னோம். கார்த்திகா பற்றியோ ஜெபின் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

உப்பளங்களுக்குள் போனோம். பாத்திகளுக்கு நடுவே களிமண்ணும் சரளையும் போட்டு இறுக்கிய வரப்புகள், கிராவல் டயருக்கென்றே செய்தது போல. இரண்டு பக்கமும் வெள்ளை. கண் கூசியது. எதிர்க்காற்று மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்க்காற்றாகவே இருந்தது. அது எப்படி என்று மாஸ்டரிடம் கேட்டேன். "எங்க ஊரு காத்து அப்படித்தான், யாரு வந்தாலும் எதுக்க வந்து நின்னு பாக்கும்" என்றார்.

ஒரு தகரக் கொட்டகை நிழலில் நிறுத்தினோம். மாஸ்டர் பையிலிருந்து நான்கு அடுக்கு டப்பாவை எடுத்தார். "லில்லி குடுத்துவிட்டா, ரெண்டு பேருக்கும். இட்லியும் நேத்து வச்ச மீன் கொழம்பும்." லில்லி டீச்சர் அவர் மனைவி. மூடியைத் திறந்தார். மிளகும் மாங்காயும் போட்ட பழைய மீன் குழம்பின் வாசனை காற்றில் எழுந்தது. என்னை அறியாமல் டப்பா பக்கம் சாய்ந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார். "அட, இது வீட்டுச் சாப்பாடுல்லா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மூடியைத் திரும்பப் போட்டார். "ஒங்களுக்குச் சங்கடம். வேண்டாம்."

"நீங்க சாப்பிடுங்க மாஸ்டர்."

"ஒங்கள வச்சிக்கிட்டு நான் மட்டுமா? நல்லாருக்கே."

உப்பு வாரிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டார். அவர்கள் அங்கேயே உட்கார்ந்து, நாங்கள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டார்கள். "டீச்சரம்மா கொழம்பு, கேக்கணுமா!" என்று ஒருத்தி விரலை வேறு சப்பினாள். நாங்கள் இரண்டு கிலோமீட்டர் மிதித்து ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். கடைச் சாப்பாட்டுக்குச் சட்டம் கிடையாது. ஆனால் சட்னி தண்ணீராக இருந்தது.

ஒரு மணிக்கு வரி வந்தது. "சாப்பிட்டேன்" என்று போட்டேன். சாயங்காலம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் செய்கிற இந்த ஊர் மக்ரூனை ஒரு பொட்டலம் தனியாகத் தின்றுதீர்த்தேன். எங்கள் ஊர் பேக்கரிகள் என்னை மன்னிக்கட்டும்.

இரண்டாம் நாள்.

ஆறு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தாமிரபரணிக் கரையோடு கடலை நோக்கி. நொய்யல்கரைக்காரனுக்கு இதைப் பார்த்ததும் ஒரு பொறாமை வரும், மறைக்கவில்லை. மாசியிலும் தண்ணீர் ஓடுகிறது. சாயம் இல்லை, நுரை இல்லை. மாடு நிற்கிறது, கொக்கு நிற்கிறது, மனிதர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சோப்புப் போடுகிறார்கள். கரைமேல் மண்தடம் மருத மரங்களுக்கு அடியில் போய், வாழைத்தோப்புக்குள் நுழைந்து, வாய்க்கால் மதகில் ஏறி, மறுபடி ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. நான் இருபது வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். சும்மா சிரித்துக்கொண்டே ஓட்டியது அன்றைக்குத்தான்.

ஆத்தூரில் மாஸ்டருக்குப் பழக்கமான ஒருவரின் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கொடிக்காலுக்குள் கோயில் மாதிரி, வெறுங்காலோடுதான் போக வேண்டும். சைக்கிள் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏர்கண்டிஷன் போட்ட அறைக்குள் போனது போல் குளிர்ந்தது. கொடிக்கால்காரர் நல்ல மனிதர். திரும்பும்போது தளிர் வெற்றிலையாக ஒரு கவுளி கட்டி, "தூரத்துல இருந்து வந்திருக்கிய, வெறுங்கையோட போகப்படாது" என்று மாஸ்டர் கையில் கொடுத்து என்னிடம் தரச் சொன்னார்.

மாஸ்டர் வெற்றிலைக் கட்டோடு என் முன்னால் நின்றார். நான் கையை நீட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன். பையனின் அப்பா கொடுத்துப் பெண்ணின் அப்பா வெற்றிலை வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. அவருக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். சூடுபட்டவர் மாதிரிக் கட்டைத் திரும்பக் கொடிக்கால்காரரிடமே நீட்டினார். "ஏ, நீயே குடுத்துரு."

"ஏன், ஒம்ம கையில என்ன முள்ளா இருக்கு?" என்றார் அவர் புரியாமல். கடைசியில் அவரே என் பையில் வைத்துக் கட்டினார். வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான்.

அதனால்தான் துணிந்து கேட்டேன். வாழைத்தோப்பில் பக்கம் பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். "மாஸ்டர், நேராவே கேக்கறேனுங்க. பையன் எப்படி?"

அவர் கியரை ஒன்று இறக்கினார். "கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. ஆனா சோம்பேறி. காலைல எழும்ப மாட்டான். எட்டு மணி வர ஒறங்குவான். நான் வீட்டுல விசில் அடிச்சுப் பாத்துட்டேன், எழும்பல. துணிய மடிச்சு வைக்க மாட்டான். யாருட்டயாவது தப்பு செஞ்சிட்டா உடனே போயி மன்னிப்புக் கேட்டுருவான், அது ஒண்ணு நல்ல கொணம். எம் மவன நானே மெச்சுனா சரியா இருக்காது. மத்தத நீங்க ஒங்க மகட்ட கேட்டுக்கிடுங்க."

பையனின் அப்பா பையனைச் சோம்பேறி என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கம் கழுதையைக்கூடக் குதிரை என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

புன்னைக்காயலில் ஆறு கடலில் சேர்கிறது. ஒரு காலத்தில் முத்துக்குளித்த ஊர். மாதாகோயிலைத் தாண்டிக் கரைக்குப் போனால் கால் பட்ட இடமெல்லாம் சிப்பி நொறுங்குகிறது. அக்கரைக்குப் போக ஒரு பைபர் படகு. சைக்கிள்களைப் படுக்க வைத்து நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். அலையாத்தி மரங்களுக்கு அருகே படகு ஒரு ஆட்டம் ஆடியதில் என் சைக்கிள் நழுவிப் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் எல்லாம் பறந்தன. படகுக்காரர் அவசரமே படாமல் ஒரு கையால் அதைத் தூக்கி உள்ளே போட்டார்.

"ஆளு விழுந்தாக்கூட இவ்வளவு கத்த மாட்டாவ" என்றார் மாஸ்டரிடம். "இது என்ன வெல?"

மாஸ்டர் சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கண் காட்டினார்.

அன்றைய டப்பா அந்தப் படகுக்காரருக்குப் போனது. கருவாட்டுக் குழம்பும் மொச்சையும். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டபோது, நான் கடலைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் மாஸ்டரின் வயிறு கடமுடவென்று ஒரு சத்தம் போட்டது. என்னால்தான் அந்த மனிதர் இரண்டாவது நாளாக மனைவி சமைத்ததைச் சாப்பிட முடியாமல் கிடக்கிறார். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி வரி வந்துவிட்டது. முதல் முறையாக மகளுக்குப் பொய் எழுதினேன்: "சாப்பிட்டேன்."

மூன்றாம் நாள்.

காலையில் பல் தேய்க்கும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "மாஸ்டர், நீங்க தங்கமான மனுசன். உங்களோட பழகினதுல எனக்கு ரொம்ப சந்தோசம். ஆனா எங்க சனத்துல இது நடக்காதுங்க." சாயங்காலம் பஸ் ஏறுகிற இடத்தில் சொல்வதாக முடிவு. மனிதரைப் பிடித்துவிட்டது என்பது வேறு, சம்பந்தம் என்பது வேறு. தாய்மாமன் சீர் யார் செய்வது, தாலி மண்டபத்திலா சர்ச்சிலா, என் அண்ணன் வருவாரா மாட்டாரா, ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா. ஆற்றங்கரையில் மறந்துபோனதெல்லாம் லாட்ஜ் கண்ணாடியில் திரும்ப வந்து நின்றது.

அன்றைக்குத் தேரிக்காடு. கடலுக்குக் கொஞ்சம் உள்ளே, மைல் கணக்கில் மேடும் பள்ளமுமாகச் சிவப்பு மணல். மிளகாய்த்தூளைக் கொட்டிப் பரப்பியது போல் சிவப்பு. அதில் பனையும், கொல்லா என்று இங்கே சொல்கிற முந்திரியும், முள்ளடர்ந்த உடைமரமும். ஆடு போன தடத்தில் மணல் இறுகியிருக்கும், அங்கே ஓட்டலாம். தடம் மாறினால் சக்கரம் புதைந்து இறங்கித் தள்ள வேண்டியதுதான். மாஸ்டர் முன்னால் போய் விசில் அடிப்பார். நான் சத்தத்தைப் பிடித்துப் போவேன். அழகான காடு. நிழலும் உண்டு, மயில் உண்டு, உடைமுள்ளும் உண்டு.

முள்ளைப் பற்றி அவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். அவருடைய டயருக்குள் டியூப் கிடையாது, பசை ஊற்றியிருக்கிறார். முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். எனக்கும் ஊற்றித் தருகிறேன் என்றார். நான் கேட்கவில்லை. பம்புத் தொழிலில் கசிவைப் பசை ஊற்றி அடைக்கிறவனை நாங்கள் மதிப்பதில்லை. அந்தத் திமிருக்குத் தேரி சரியான பாடம் நடத்தியது. என்னிடம் ஒரு மாற்று டியூப், அவரிடம் எனக்காக வாங்கி வைத்திருந்த ஒன்று. இரண்டும் பத்தரை மணிக்குள் தீர்ந்தன. மூன்றாவது பஞ்சருக்கு ஒட்டுப்போடப் பார்த்தால் என்னிடம் இருந்த சொல்யூஷன் பசை அதன் குழாய்க்குள்ளேயே காய்ந்து கல்லாகியிருந்தது.

"நான் ரோட்டுக்குப் போயி வாங்கிட்டு வாரேன்" என்றார் மாஸ்டர். "அந்தா அய்யனார் கோயில் தெரியுதுல்லா, ஆலமர நெழலு நல்லாருக்கும். நான் விசில் அடிக்கவரைக்கும் அங்கனயே இருங்க." இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார். "கெழக்க மட்டும் போயிராதிய."

"ஏனுங்க, பாம்பா?"

"பாம்பெல்லாம் இல்ல. சும்மா, போவாதிய." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அய்யனாரோடும் அவருடைய மண்குதிரைகளோடும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தீர்ந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை, அந்த வசனத்தை மனப்பாடம் செய்ததில் பசி தெரியவில்லை. இப்போது கை லேசாக நடுங்கியது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. அப்போதுதான் கிழக்கே அடிபம்பு கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. பம்பு சத்தம் கேட்டால் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். வாஷர் போயிருக்கிறது என்பதுகூட அங்கிருந்தே தெரிந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பனைகளுக்கு நடுவில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வீடு. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது, சைக்கிளு ஒங்கள ஓட்டிட்டு வருது?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "ஏயப்பா, மூஞ்சி வெளுத்துட்டே. முதல்ல தண்ணி குடிங்க. நெழல்ல வந்து இரிங்க."

செம்பு நிறையக் குடித்தேன். உள்ளே எதையோ அம்மியில் அரைத்துவிட்டு வந்திருக்கிறார், வறுத்த எள்ளின் வாசனை வந்தது. "சோறு வடிச்சாச்சு, சாப்புடுங்க" என்றார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாய் சொல்லவில்லை. அவர் அதை மதிக்கவும் இல்லை. தட்டு வந்துவிட்டது.

எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். இது மாஸ்டர் வீடு இல்லை. அவர் வீடு நாசரேத்தில். இது வழியில் யாரோ ஒருவர் வீடு. சுமதியின் சட்டம் இங்கே செல்லாது. தீர்ப்பு உடனே கிடைத்தது, சோற்றில் கை வைத்தேன்.

உளுந்தஞ்சோறு. தோலோடு கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ எல்லாம் சேர்த்து வேகவைத்தது. மேலே எள்ளுத் துவையல். அதைக் குழைத்து உருட்டி வாயில் போட்டதும் கை நடுக்கம் நின்றது. மூன்று நாளாக எனக்குக் கிடைக்காமல் போனதெல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. தலை நிமிராமல் ஒரு தட்டு முடித்து, இரண்டாவதில் பாதிக்கு வந்த பிறகுதான் எனக்கு மரியாதை ஞாபகம் வந்தது.

"நான் யாருன்னே நீங்க கேக்கலையேங்க."

"சாப்புடுத ஆளுட்ட ஊரு பேரு கேக்கப்படாதுய்யா. சாப்ட்டு முடிச்ச பெறவு சொல்லுங்க."

அப்போது மேற்கே விசில் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க தம்பி வாரான்! விசிலக் கேட்டியளா? பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. வீட்டுக்கு வாரதுக்கும் விசிலுதான்."

என் வாயில் இருந்த கவளம் அப்படியே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மாஸ்டர் கோயிலில் என்னைக் காணாமல் கால்தடத்தைப் பிடித்து ஓடி வந்திருக்கிறார். வாசலில் வந்து நின்றவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் வலது கையைப் பார்த்தார். கையில் இருந்த சொல்யூஷன் பொட்டலம் கீழே விழுந்தது.

"யக்கா, இவிய யாருன்னு தெரியுமா?"

"வழில போறவிய. மயக்கமா வந்தாவ."

"கார்த்திகா அப்பா."

அக்காவின் கையிலிருந்த கரண்டி பானைக்குள் போய்விட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ ஆண்டவரே! எனக்குத் தெரியாதுய்யா. நான் வேணும்னு போடலய்யா" என்று என்னிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார். சோறு போட்டதற்கு ஒருவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். எனக்கு உடம்பு கூசியது.

மாஸ்டர் என் முன்னால் வந்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நான் சொல்லுதத கேளுங்க. இது நீங்க தெரியாம சாப்பிட்டது. இது கணக்குல சேராது. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன், லில்லிட்டகூட சொல்ல மாட்டேன். அக்காவும் சொல்ல மாட்டா. ஊருக்குப் போயி ஆற அமர யோசிச்சு, சரின்னாலும் சொல்லுங்க, இல்லன்னாலும் சொல்லுங்க. இந்தச் சோத்த நெனச்சு ஒரு முடிவும் எடுக்காதிய."

"கிழக்க போக வேண்டாம்னு இதுக்குத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"அக்கா வீடு இருக்குன்னு சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனுங்களே."

அவர் மணலைக் கிளறினார். "சொன்னா, ஒங்கள சோத்துல மடக்கத்தான் அக்கா வீட்டுப் பக்கமாக் கூட்டியாந்தேன்னு நெனைப்பிய. அதான்."

நான் அவரையே பார்த்தேன். இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். நான் சாப்பிட்டாயிற்று, சாட்சிக்கு அவருடைய அக்கா இருக்கிறார், வழக்கம் அவர் பக்கம் இருக்கிறது. மகனுக்கு ஆசைப்பட்ட பெண் கிடைத்துவிடும். அப்படிக் கையில் வந்து விழுந்ததை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுக்கிறார். என் அண்ணன் செய்வாரா? நான் செய்திருப்பேனா? காலையில் மனப்பாடம் செய்த வசனத்தைத் தேடிப் பார்த்தேன். 'தங்கமான மனுசன்' வரைக்கும்தான் ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் என் பெண் இருந்தால் பசியோடு இருக்க மாட்டாள், யாரும் அவளை மடக்கவும் மாட்டார்கள் என்று தோன்றியது. அதைச் சொல்ல எனக்கு ஒரு வழிதான் தெரியும்.

"அக்கா" என்று தட்டை நீட்டினேன். "இன்னும் ஒரு கரண்டி போடுங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தார்.

"முதல்ல சாப்பிட்டது தெரியாமச் சாப்பிட்டது. அது சேராதுன்னு மாஸ்டரே சொல்லிட்டாருங்க. இப்பத் தெரிஞ்சு சாப்பிடறேன். போடுங்க."

அக்கா பானைக்குள் கரண்டியைத் தேடினார். கண் கலங்கியிருந்ததால் கிடைக்க நேரமானது.

"மாஸ்டர், அந்த டப்பாவையும் எடுங்க. ரெண்டு நாளா ஊருக்கெல்லாம் குடுத்தீங்க. இன்னைக்கு லில்லி டீச்சர் என்ன குடுத்துவிட்டாங்க?"

அவர் பையைத் திறந்தார். மூடி இறுகியிருந்ததோ விரல் ஒத்துழைக்கவில்லையோ, கழற்ற முடியவில்லை. நான் இடது கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன், அவர் திருகினார். முதல் நாள் கண்ணில் காட்டி மூடிய அதே மாங்காய் மீன் குழம்பு, புதிதாக வைத்தது. என் தட்டில் ஊற்றினார். தனக்கும் ஒரு தட்டு வாங்கி எதிரில் உட்கார்ந்தார். மாஸ்டர் மூன்று நாள் பசியையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஒரு மணிக்குப் போன் துடித்தது. "சாப்பிட்டீங்களா அப்பா?"

வலது கை முழுக்கச் சோறு. இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். "சாப்பிட்டுட்டு இருக்கேன். ஜெபின் அத்தை வீட்டுல. ஜெபின் அம்மா வச்ச மீன் குழம்பு."

அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மாஸ்டரும் அக்காவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது அடித்தது. ஆறு மாதத்தில் முதல் அழைப்பு. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கண்ணு" என்றேன்.

"அப்பா, கை கழுவிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சாமி."

"கழுவிராதீங்க. இருங்க, வீடியோ போடறேன். நான் பாக்கணும்."

வீடியோவுக்கு அடிபம்பு பக்கம் போனால்தான் சிக்னல் சரியாக வரும் என்றார் அக்கா. எழுந்து போய் நின்றேன். சின்னத் திரையில் விட்டு விட்டு என் மகளின் முகம் வந்தது. எள்ளும் உளுந்தும் மீன் குழம்பும் ஐந்து விரலிலும் காய்ந்து ஒட்டியிருந்த வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னும் கிட்டக் காட்டுங்கப்பா" என்றாள்.